புல்லின் உயரமும் பூச்சியின் வாழ்வும்

ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்சபை, 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகத்தினருக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. நிலம் பாலையாவதைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையின் 17ஆவது மாநாட்டை, மேய்ச்சலையே வாழ்வாகக் கொண்ட மங்கோலியா ஏற்று நடத்துவதும் இதே ஆண்டில்தான். வயலைப் பற்றியும் காட்டைப் பற்றியும் ஓயாது பேசிவந்த உலகம், இரண்டுக்கும் இடைப்பட்ட புல்வெளியைப் பற்றி இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறது.

பேச்சு தொடங்கிய வேகத்திலேயே அது இரு அணிகளாகவும் பிரிந்துவிட்டது. கால்நடை மேய்ச்சல் இயற்கையை அழிக்கிறது. ஆகவே, பாதுகாக்க வேண்டிய நிலங்களிலிருந்து மாடுகளையும் ஆடுகளையும் வெளியேற்ற வேண்டும் என்கிறது ஓர் அணி. மேய்ச்சல் என்பது பல்லாயிரம் ஆண்டு மரபு. அதில் கைவைப்பது எளியவர்களின் வயிற்றில் அடிப்பதாகும் என்கிறது மற்றோர் அணி. புலியைப் பற்றியும் பசுவைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் இரு அணியினரும் பேசுகின்றனர். அந்தப் புல்லுக்குள் வாழும் பூச்சியைப் பற்றி எவரும் பேசக் காணோம். இந்த வழக்கின் முக்கியமான சாட்சி அதுதான் என்பது என் கருத்து.

பூச்சி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பூச்சிமருந்துதான். ஆனால், புல்வெளியின் பூக்களில் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது பூச்சி. சாணத்தை மண்ணுக்குள் இறக்கி உரமாக்குவது பூச்சி. தானியம் தின்னும் பறவைகளிலும் பல, தம் குஞ்சுகளுக்கு முதலில் ஊட்டுவது பூச்சிகளையும் புழுக்களையும்தான். பூச்சி குறைந்தால் அடுத்த சில ஆண்டுகளில் பறவை குறையும், விதை குறையும், மண் இறுகும்.

ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 27 ஆண்டுகளாகப் பொறி வைத்துப் பூச்சிகளைப் பிடித்து எடை போட்டுவந்தவர்களின் தரவுகள் 2017இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியாயின. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்துவிட்டது என்று அந்த ஆய்வு தெரிவித்தது. இதில் கவனிக்க வேண்டிய சொல் 'பாதுகாக்கப்பட்ட' என்பது. ஒரு நிலத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்துவிட்டதால் மட்டும் அதற்குள் வாழும் உயிர்கள் காக்கப்பட்டுவிடுவதில்லை.

வேலி போட்டதாலேயே ஒரு பூச்சி அழிந்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் நிகழ்ந்த அந்தக் கதை நம் கொள்கை வகுப்பாளர்கள் அனைவரும் அறிய வேண்டியது.

இங்கிலாந்தின் தென்பகுதிக் குன்றுச் சரிவுகளில் 'பெரிய நீலன்' என்று சொல்லத்தக்க ஒரு வண்ணத்துப்பூச்சி வாழ்ந்துவந்தது. நீலச் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட அழகிய பூச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அது குறையத் தொடங்கியது. வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் அடுக்கி வைப்பது அக்காலத்து மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு. ஆகவே, சேகரிப்பாளர்களே குற்றவாளிகள் என்று எல்லோரும் கருதினர். அவர்கள் நுழையாதபடி அந்தப் பூச்சி வாழும் இடங்களில் வேலி போடப்பட்டதும் உண்டு. வேலி சேகரிப்பாளர்களைத் தடுத்தது. கூடவே மாடுகளையும் ஆடுகளையும் தடுத்தது. வேலிக்குள் புல் வளர்ந்து செழித்தது. பூச்சியோ முன்பைவிட விரைவாக மறைந்தது.

1970களில் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் இந்தப் புதிரை அவிழ்க்க முற்பட்டார். எஞ்சியிருந்த பூச்சிகளின் வாழிடத்திலேயே கோடைதோறும் தங்கி, முட்டையிலிருந்து சிறகு முளைக்கும்வரை அதன் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார். அவர் கண்டறிந்த செய்தி வியப்புக்குரியது.

இந்த வண்ணத்துப்பூச்சி, தைம் என்ற மணமுள்ள சிறு செடியின் மொட்டுகளில் முட்டையிடும். வெளிவரும் புழு ஏறத்தாழ மூன்று வாரங்கள் அந்தப் பூக்களைத் தின்னும். பிறகு தரையில் விழும். அவ்வழியே வரும் ஒருவகைச் செவ்வெறும்பு, அந்தப் புழுவைத் தன் இனத்துக் குஞ்சு என்று நம்பித் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் செல்லும். அந்த அளவுக்கு எறும்புக் குஞ்சின் மணத்தை அது போலியாகக் கொண்டிருக்கிறது. புற்றுக்குள் போன புழு, தன்னைச் சுமந்து வந்தவர்களின் குஞ்சுகளையே தின்று ஏறத்தாழப் பத்து மாதங்கள் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, அடுத்த கோடையில் சிறகுடன் வெளியே வரும்.

தாமஸ் கண்டுபிடித்த முக்கியச் செய்தி இதற்கு அடுத்தது. ஒன்றுபோலத் தோன்றும் பல செவ்வெறும்பு இனங்களில் ஓர் இனத்தின் புற்றில் மட்டும்தான் இந்தப் புழு நன்கு பிழைக்கும். மற்ற இனங்களின் புற்றுகளுக்குச் சென்ற புழுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். அந்த ஓர் இன எறும்புக்கோ வெதுவெதுப்பான மண் வேண்டும். இங்கிலாந்து போன்ற குளிர் நாட்டில் மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமெனில் வெயில் தரையைத் தொட வேண்டும். புல்லின் உயரம் ஏறத்தாழ 3 செ.மீ.க்குள் இருந்தால்தான் அது நடக்கும். புல் அதற்கு மேல் வளர்ந்தால் மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. குளிரைத் தாங்கும் வேறோர் எறும்பினம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தைம் செடி அங்கேயே பூத்துக்கொண்டிருக்கும். எறும்புப் புற்றுகளும் அங்கேயே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் பழையபடிதான் தெரியும். ஆனால், வண்ணத்துப்பூச்சி இருக்காது.

புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை ஆடுகளும் மாடுகளும் முயல்களும். செங்குத்தான சரிவுகளில் கால்நடை வளர்ப்பது இலாபமற்றதாகிப்போனதால், உழவர்கள் அந்நிலங்களை மெல்ல மெல்லக் கைவிட்டனர். 1950களில் மிக்சோமடோசிஸ் என்ற கொள்ளைநோய் பரவி முயல்களையும் கொத்துக் கொத்தாகக் கொன்றது. புல் ஓங்கியது. எறும்பு மாறியது. உண்மை தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979இல் பிரிட்டனில் அந்த வண்ணத்துப்பூச்சி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

நல்வாய்ப்பாக, கதை அத்துடன் முடியவில்லை. காரணம் தெரிந்துவிட்டதால் பரிகாரமும் தெரிந்தது. குன்றுச் சரிவுகளில் மீண்டும் மாடுகளையும் குதிரைகளையும் மேயவிட்டனர். எல்லாக் காலத்திலும் அல்ல. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் மேய்த்து, தைம் பூக்கும் கோடையில் மேய்ச்சலைத் தளர்த்தினர். 1983 தொடங்கி, சுவீடனிலிருந்து கொண்டுவந்த புழுக்களை அங்கே விட்டனர். வண்ணத்துப்பூச்சி மீண்டும் நிலைபெற்றது. குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தின் ராட்பரோ என்ற பொதுமேய்ச்சல் நிலத்தில், அதற்கேற்ப மேய்ச்சலை ஒழுங்குபடுத்திய பிறகு, 2019இல் சுமார் 1,100 புழுக்கள் விடப்பட்டன. அடுத்த கோடையில் ஏறத்தாழ 750 பூச்சிகள் பறந்தன. அந்த இடத்தில் 150 ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்த பூச்சி அது.

இதைப் படித்துவிட்டு, மேய்ச்சல் எவ்வளவு மிகுந்தாலும் நல்லதே என்று எவரேனும் முடிவுகட்டினால் அதைவிடப் பெரிய பிழை வேறில்லை. அதே மேய்ச்சல் அளவு மீறும்போது என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு.

சீனாவின் உள்மங்கோலியப் புல்வெளியில் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்த அரியான் சீஸ் தலைமையிலான குழுவினர் தம் முடிவுகளை 2012இல் வெளியிட்டனர். அளவுக்கு மீறி ஆடுகள் மேய்ந்த நிலத்தில் புல்லின் நைட்ரஜன் சத்து, அதாவது புரதம், குறைகிறது. சத்துக் குறைந்த புல்லில் பூச்சியும் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், அங்குள்ள ஒரு வெட்டுக்கிளி இனத்துக்குப் புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்த உணவே உகந்தது. மொட்டையாக மேயப்பட்ட நிலத்தில் அது நன்கு வளர்ந்து பெருகுகிறது. பெருகிய வெட்டுக்கிளி, ஆட்டுக்கு மிஞ்சியிருக்கும் புல்லையும் தின்றுவிடுகிறது. மிகை மேய்ச்சல் பல பூச்சிகளை விரட்டும்போதே, கேடு செய்யும் ஒரு பூச்சிக்கு விருந்தும் வைக்கிறது. அந்த விருந்தின் செலவு கடைசியில் மேய்ப்பவரின் தலையில்தான் விழுகிறது.

ஒரு நிலத்தில் குறைந்த மேய்ச்சலும் இன்னொரு நிலத்தில் மிகுந்த மேய்ச்சலும் பூச்சிகளுக்குக் கேடாகின்றன என்றால், பொதுவான விதிதான் என்ன? பூச்சிகள் எல்லாம் ஒரே வகையான புல்லைக் கேட்பதில்லை என்பதே அந்த விதி. தரையில் முட்டையிடும் தேனீக்களுக்கும் சில வெட்டுக்கிளிகளுக்கும் வெயில்படும் வெற்று மண் வேண்டும். சிலந்திகளுக்கு வலை கட்ட உயர்ந்த தாள்கள் வேண்டும். பல வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கடிபடாத பூ வேண்டும். செம்மறி ஆடு உதட்டால் நறுக்கித் தரையோடு தரையாக மேயும். பூவைத் தேடித் தின்னும். மாடு நாவால் சுருட்டி இழுத்து மேய்வதால், இங்கொரு புதரும் அங்கொரு வெற்றிடமுமாக விட்டுச் செல்லும். எத்தனை கால்நடை, எந்த வகை, எந்தப் பருவத்தில், எத்தனை நாள், அதன்பின் நிலத்துக்கு எவ்வளவு ஓய்வு - இந்த ஐந்து கேள்விகளுக்கான விடைதான் பூச்சியின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கிறது. 'மேய்க்கலாமா, கூடாதா?' என்ற ஒற்றைக் கேள்விக்கு இயற்கையிடம் விடையில்லை.

கால்நடையின் வாய் செய்யும் வேலை இது. அதன் சாணம் செய்யும் வேலை இன்னொன்று. ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்து முறை அளவில் சாணமிடுகிறது. ஒவ்வொரு சாணக் குவியலும் ஒரு சிற்றூர் போன்றது. ஈக்களும் வண்டுகளும் அவற்றைத் தின்னும் வேறு பூச்சிகளும் அங்கே குடியேறுகின்றன. அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. சாணவண்டு அந்தச் சாணத்தை உருட்டியும் புதைத்தும் மண்ணுக்குள் சேர்க்கிறது.

சாணவண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா பட்டறிந்தது. 1788இல் ஐரோப்பியக் குடியேறிகள் அங்கே மாடுகளைக் கொண்டுபோனார்கள். அவற்றின் சாணத்தை மண்ணில் சேர்க்கும் வண்டுகளைக் கொண்டுபோகவில்லை. அந்நாட்டுச் சாணவண்டுகளோ கங்காரு போன்றவற்றின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. ஈரமான மாட்டுச் சாணத்தை அவற்றில் பெரும்பாலானவை பொருட்படுத்தவில்லை. சாணம் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து புல்லை மூடியது. ஈக்கள் கோடிக்கணக்கில் பெருகின. ஹங்கேரியிலிருந்து குடியேறிய ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளர் இதன் காரணத்தை உணர்ந்தார். அவரது முயற்சியால் 1960களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகள் அந்நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பு பிற நாடுகளிலிருந்து 43 சாணவண்டு இனங்களை இறக்குமதி செய்து வெளியில் விட்டது. அவற்றில் 23 இனங்கள் நிலைபெற்றன. நம் ஊரில் கூலியின்றி நடந்துவந்த ஒரு வேலையை ஆஸ்திரேலியா பெருஞ்செலவில் வாங்க வேண்டியதாயிற்று.

அந்த வேலை இப்போது நம் ஊரிலும் நின்றுவருகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. காங்கேயத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். சிறுவயதில், மழை பெய்த மறுநாள் மேய்ச்சல் காட்டில் ஒரு சாணக் குவியலைக் குச்சியால் புரட்டினால் பத்துப் பதினைந்து வண்டுகளாவது ஓடும். அண்மையில் ஊருக்குச் சென்றபோது அதே காட்டில் பல குவியல்களைப் புரட்டிப் பார்த்தேன். சில குவியல்களில் ஓரிரு வண்டுகள் இருந்தன. பல குவியல்கள் வறட்டியைப் போலக் காய்ந்து, அடியில் புல் வெளுத்துக் கிடந்தது. ஒருவர் ஒருநாள் பார்த்தது ஆய்வு ஆகாது. இதற்கு மழைக்குறைவு முதற்கொண்டு பல காரணங்கள் இருக்கக்கூடும். ஆனால், அவற்றுள் ஒன்றை அறிவியல் ஏற்கெனவே நிறுவியிருக்கிறது.

கால்நடைகளுக்கான குடற்புழு நீக்க மருந்துகளில் ஐவர்மெக்டின் முதன்மையானது. மனிதருக்கு வரும் யானைக்கால் நோயையும் ஆற்றுக்குருட்டு நோயையும் கட்டுப்படுத்த உதவிய பெருமையும் அதற்குண்டு. அதைக் கண்டறிந்த பணிக்காகவே வில்லியம் கேம்பல், சதோஷி ஓமுரா ஆகியோருக்கு 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால், மாட்டுக்குத் தரப்படும் இம்மருந்தின் பெரும்பகுதி வீரியம் குன்றாமல் சாணத்தின் வழியே வெளியேறுகிறது. ஊசியாகவோ மேற்பூச்சாகவோ தரப்படும் முறையைப் பொறுத்து, நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ அந்தச் சாணத்தில் சாணவண்டின் புழுக்களும் ஈக்களின் புழுக்களும் வளர இயலாமல் மடிகின்றன. குடலுக்குள் இருக்கும் புழுவைக் கொல்லத் தந்த மருந்து, நிலத்துக்கு உழைக்கும் வண்டையும் கொல்கிறது. மாட்டுக்குத் தந்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, அதன் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததை நாம் மிகத் தாமதமாகவே உணர்ந்து 2006இல் தடை செய்தோம். ஐவர்மெக்டினைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயுற்ற மாட்டுக்கு மருந்து தேவை. ஆனால், தேவையை ஆராயாமல் மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, மறுநாளே மேய்ச்சலுக்கு அனுப்பும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்யலாம் அல்லவா?

இனி நம் நாட்டுக் கொள்கைக்கு வருவோம். மேய்ச்சலைப் பற்றிய நம் அணுகுமுறை பெரும்பாலும் தடை, அல்லது கண்டுகொள்ளாமை என்ற இரண்டில் ஒன்றாகவே இருந்துவருகிறது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராம மக்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. அதன்பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கு நடத்திய நீண்ட ஆய்வு, எருமைகள் இல்லாத சதுப்புநிலத்தில் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் பெருகி நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது என்றும், அது நீர்ப்பறவைகளுக்கே கேடாயிற்று என்றும் கண்டது. ஆய்வு பறவைகளைப் பற்றியது. ஆனால், பாடம் இங்கிலாந்து வண்ணத்துப்பூச்சி தந்த அதே பாடம்.

தமிழகத்தில், 2022 மார்ச் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் மாநிலத்தின் வனப்பகுதிகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. மேய்ச்சல் சமூகத்தினரிடையே பெரும் கவலை எழுந்தது. அடுத்த சில நாள்களிலேயே அத்தடை தேசியப் பூங்காக்கள், வன உயிரினச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. 2024இல் ஈரோடு மாவட்டத்தில் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, பர்கூர் மலைமாடுகளை வளர்ப்போரிடையே அதே கவலை மீண்டும் எழுந்தது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமைகளில் ஒன்றாகவே ஏற்றிருக்கிறது.

வனத்துறையின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. கோமாரி போன்ற நோய்கள் வளர்ப்பு மாடுகளிலிருந்து காட்டெருதுகளுக்குத் தொற்றக்கூடும். காட்டுக்குள் செல்லும் மாடுகள் எல்லாம் மலைவாழ் மக்களின் மாடுகளும் அல்ல. சாணத்துக்காகவும் இறைச்சிக்காகவும் வணிக நோக்கில் அனுப்பப்படும் மந்தைகளும் உண்டு என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக இருக்கிறது. புலியும் யானையும் வாழும் அடர்காட்டுக்கும் திறந்த புல்வெளிக்கும் ஒரே விதியைப் பொருத்தவும் இயலாது. நான் கேட்பது ஒன்றே: தடையோ அனுமதியோ, எதைச் செய்தாலும் அதன்பின் அந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்க்க வேண்டாமா? புலியை எண்ணுகிறோம், யானையை எண்ணுகிறோம். மேய்ச்சல் நின்ற புல்வெளியிலும், மேய்ச்சல் தொடரும் புல்வெளியிலும் பூச்சியை எண்ணுகிறோமா?

அளவறிந்து மேய்ப்பதை நாம் அயல்நாட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளில் 'கொறங்காடு' என்ற மேய்ச்சல்முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. மழை குறைந்த அந்தச் சீமையில் உழவர்கள் தம் பட்டா நிலத்தையே மேய்ச்சலுக்கென ஒதுக்கி, சுற்றிலும் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்தனர். உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றொன்றுக்கு ஓய்வு கொடுப்பார்கள். விதை முற்றி உதிரும்வரை ஒரு காட்டுக்குள் மாட்டை விடமாட்டார் என் பாட்டனார். "புல்லு மண்ணுக்குக் குடுக்கறதைக் குடுத்துட்டுப் போகட்டும்" என்பார். அவருக்கு எறும்பின் அறிவியல் தெரியாது. ஆனால், ஒரு காடு மேயப்பட்டும், ஒரு காடு வளர்ந்தும், ஒரு காடு பூத்தும் இருந்ததால், குட்டைப் புல்லை நாடும் பூச்சிக்கும் நெட்டைப் புல்லை நாடும் பூச்சிக்கும் அங்கே இடம் இருந்தது. பள்ளிப் பருவத்தில் நாங்கள் தீப்பெட்டிக்குள் அடைத்து வைத்த பொன்வண்டுகள் எல்லாம் அந்த வெள்வேல மரங்களிலிருந்து வந்தவைதாம்.

அந்தக் கொறங்காடுகள் இன்று மனைப்பிரிவுகளாகவும் கோழிப்பண்ணைகளாகவும் சூரிய மின்பூங்காக்களாகவும் மாறிவருகின்றன. ஊர்ப் பொதுவில் இருந்த மேய்க்கால் புறம்போக்குகளில் பல ஆக்கிரமிப்பிலும், சீமைக்கருவேலத்தின் பிடியிலும் இருக்கின்றன. மேய்க்க இடம் குறையும்போது, எஞ்சிய நிலத்தில் மந்தைகள் நெருக்கப்படுகின்றன. அந்த நிலம் மொட்டையாகிறது. கைவிடப்பட்ட நிலத்தில் முள் மண்டுகிறது. இங்கிலாந்தில் நேர்ந்ததும் உள்மங்கோலியாவில் நேர்ந்ததும் ஒரே வட்டத்துக்குள் நமக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, மேய்ச்சல் அனுமதி 'உண்டு', 'இல்லை' என்ற இரு சொற்களில் முடியக்கூடாது. எத்தனை கால்நடை, எந்த மாதம், எவ்வளவு ஓய்வு என்பதை நிலத்துக்கு நிலம் வகுக்க வேண்டும். வகுப்பவர் குழுவில் வன அலுவலரோடு அந்த மேய்ச்சல் நிலத்தை அறிந்த கீதாரியும் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, மேய்ச்சல் உள்ள நிலம், மேய்ச்சல் நின்ற நிலம் ஆகிய இரண்டிலும் ஆண்டுதோறும் பூச்சிக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். நம் வேளாண் கல்லூரிகளின் பூச்சியியல் துறைகளுக்கும், அருகிலுள்ள கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களுக்கும் இது இயலாத காரியமன்று. இங்கிலாந்தில் ஒரு தனி மனிதர் அளவுகோலும் பொறுமையும் கொண்டு தொடங்கிய வேலை அது.

மூன்றாவதாக, குடற்புழு நீக்க மருந்தைச் சாணப் பரிசோதனைக்குப் பின் தேவையான மாட்டுக்கு மட்டும் தரவும், மருந்து தந்த மாட்டைச் சில நாள்கள் தொழுவத்திலேயே வைத்திருக்கவும் கால்நடை பராமரிப்புத் துறை உழவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். நான்காவதாக, மேய்க்கால் புறம்போக்குகளை மீட்க வேண்டும். மீட்ட நிலத்தில் மரக்கன்றுகளை நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நிற்கக் கூடாது. புல்வெளி என்பது மரம் இல்லாத குறைபட்ட காடு அன்று. அது தன்னளவில் முழுமையான ஓர் உயிர்ச்சூழல். கொறங்காட்டைக் காத்துவரும் உழவருக்கு, அதை விற்காமல் இருப்பதற்கான ஊக்கத்தொகையும் தரப்பட வேண்டும்.

பன்னாட்டு ஆண்டுகள் வரும், போகும். மாநாடுகளில் தீர்மானங்கள் நிறைவேறும். அவற்றால் நம் புல்வெளிகளுக்கு நன்மை விளைந்ததா என்பதை அறிய அறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை. அடுத்த மழை பெய்த மறுநாள், ஒரு மேய்ச்சல் காட்டில் சாணக் குவியலைக் குச்சியால் புரட்டிப் பார்த்தால் போதும்.